தாத்தாவின் மோரிஸ் மைனரில் தங்கைக்கு ஓட்டப் பழக்குவது எப்படி?



எஸ்பிஎம் சோதனை முடிந்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு லைசென்ஸ்தான். 17 வயது ஆனவுடன் ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் பதிந்து, அங்கிருக்கும் சின்னக் காரில் பழகி, சோதனை எழுதி, வெளியே வந்துவிடுகிறோம். ஆனால் சில வீடுகளில், கொட்டகைக்குள் துணி போர்த்தி ஒரு பழைய கார் நின்றுகொண்டிருக்கும். மோரிஸ் மைனரோ, டட்சன் 120ஒய்யோ, முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவோ. அந்தக் காரை வைத்து வீட்டுப் பிள்ளைக்கு என்ன சொல்லித் தரலாம், எதைச் சொல்லித் தரக்கூடாது என்பதே இந்த மாதப் பாடம்.

நான் இயந்திரப் பொறியியல் படிக்கிற மாணவன். எங்கள் வீட்டில் இருப்பது 1960-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தா வாங்கியது. என் தங்கைக்கு இப்போது 17 வயது. அப்பாவுக்கு இனிப்பு நீரால் பார்வை குறைந்து வருகிறது. இரவில் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். அப்பாவின் வேனோ மேனுவல் கியர். ஆக, தங்கச்சி ஓட்டக் கற்றுக்கொள்வது எங்கள் வீட்டுக்கு அவசியமான காரியம். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப்பா கியர் வண்டி? ஆட்டோ லைசென்ஸ் போதும்" என்று சித்தப்பா சொன்னார். ஆட்டோ கியருக்கு மட்டுமான டிஏ உரிமத்தை எடுத்தால், வேனை அவள் தொடவே முடியாது. டி உரிமம் எடுத்தால் இரண்டையும் ஓட்டலாம். அதனால் டி-தான் என்று முடிவானது.

1. முதலில் சட்டம்

இதைத் தாண்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

மலேசியாவில் கார் உரிமத்துக்குக் குறைந்த வயது 17. முதலில் கேபிபி01 என்ற ஆறு மணி நேர வகுப்பு, பிறகு 50 கேள்விகள் கொண்ட கணினிச் சோதனை; அதில் 42 சரியாக இருக்க வேண்டும். பிறகுதான் எல் லைசென்ஸ். எல் கையில் இருந்தாலும், பொதுச் சாலையில் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரோடுதான் ஓட்டலாம். அண்ணன், அப்பா, மாமா யாரும் அந்த இடத்தில் உட்கார முடியாது. சோதனையில் தேறிய பிறகு இரண்டு வருஷம் பி லைசென்ஸ்.

"தோட்டத்து ரோடுதானே, யாரு பார்க்கப் போறா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் "சாலை" என்ற சொல்லுக்கு, பொதுமக்கள் வந்து போகிற எந்தச் சாலையும் என்று பொருள். தோட்டத்து ரோட்டில் சைக்கிளில் பிள்ளைகள் போகிறார்கள் என்றால் அதுவும் சாலைதான். ஆகவே நாங்கள் பழகிய இடம், வேலி போட்டு கேட் பூட்டிய ஒரு தனியார் திடல். உரிமையாளரிடம் முறையாக அனுமதி வாங்கினோம். கேட்டை உள்ளிருந்து பூட்டினோம். ஆடு, மாடு, பந்து விளையாடும் பையன்கள் யாரும் இல்லை என்று நடந்து பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்பினோம். அப்படி ஓர் இடம் கிடைக்காதவர்கள், மூன்றாம் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிற்கிற காரிலேயே பாதிப் பாடம் இருக்கிறது.

2. பழைய கார் ஏன்?

மோரிஸ் மைனர் 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ்; பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் அவரே. பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். எங்கள் காரில் இருப்பது 948 சிசி இன்ஜின், 37 குதிரைத்திறன். இப்போதைய சின்னக் கார்கள்கூட இதைப்போல் இரு மடங்கு சக்தி கொண்டவை.

இதில் பவர் ஸ்டேரிங் இல்லை. ஏபிஎஸ் இல்லை. கணினி எதுவும் இல்லை. புதுக் காரில் ஓட்டுபவர் செய்யும் சின்னத் தவற்றைக் கார் தானே சரிசெய்துவிடும். அவருக்குத் தெரியவே தெரியாது. பழைய கார் அப்படி மறைக்காது. கிளட்ச்சை வேகமாக விட்டால் இன்ஜின் நின்றுவிடும். கியரைத் தப்பாகப் போட்டால் கரகரவென்று கத்தும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நேர்மையான வாத்தியார் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் நன்றாகச் சொல்லித் தரும் கார், நன்றாகப் பாதுகாக்கும் கார் அல்ல. இதில் காற்றுப்பை இல்லை, தலையைத் தாங்கும் பகுதி இல்லை, மோதலை வாங்கிக்கொள்ளும் அமைப்பும் இல்லை. இந்த இரண்டு உண்மையையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும்.

3. நிற்கிற காரில் முதல் பாடம்

ஆயுத பூசைக்கு நம் வீடுகளில் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அது வருஷத்துக்கு ஒரு நாள். பழைய கார் தினமும் ஐந்து நிமிஷம் கேட்கும்.

முதல் நாள் தங்கச்சியை ஸ்டேரிங் பக்கமே விடவில்லை. போனெட்டைத் திறந்து இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், டயர் காற்று ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னேன். பிரேக் ஆயில் எங்கே என்று தேடினாள், கிடைக்கவில்லை. மைனரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் போனெட்டுக்குள் இல்லை. ஓட்டுபவரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி, மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கண்ணில் படாததால் பலர் அதை மறந்துவிடுவார்கள். இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் பாதைதான். ஓர் இடத்தில் ஒழுகினால் மிதி முழுவதும் பொசுக்கென்று உள்ளே போய்விடும். இப்போதைய கார்களில் பாதையை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும்.

அப்படியானால் மைனரில் கடைசித் துணை எது? ஹேண்ட் பிரேக். அது ஆயிலால் அல்ல, கம்பியால் இழுக்கப்பட்டு, பின் சக்கரங்களைப் பிடிக்கிறது. இரண்டு இருக்கைக்கும் நடுவே இருப்பதால், பக்கத்தில் உட்காருபவர் கைக்கும் எட்டும். பயிற்சி நிலையத்துக் காரில் பயிற்றுநருக்கென்று தனி பிரேக் மிதி இருக்கும். இங்கே அது இல்லாததால், நான் உட்கார்ந்த நேரம் முழுவதும் என் கை ஹேண்ட் பிரேக் மேலேயே இருந்தது.

பிறகு மீட்டர். எங்கள் காரின் மீட்டர் மைல் கணக்கில் இருக்கிறது. முள் 50-இல் நின்றால் அது 80 கிலோமீட்டர் வேகம். ஊருக்குள் 50 என்று பலகை போட்டிருக்கும் இடத்தில் முள் 31-ஐத் தொட்டாலே போதும். 30, 50, 60 ஆகிய மைல்களுக்கு நேர் கிலோமீட்டர் எவ்வளவு என்று அவளையே கணக்குப் போடச் சொல்லி, வரும் விடையை (48, 80, 97) ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டினோம்.

இன்ஜினை எழுப்பும் முறையும் வேறு. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று அசைத்துப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரியும். சோக் குமிழைக் கொஞ்சம் இழுத்து, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால் இன்ஜின் சுழலும். சோக், இன்ஜினுக்குள் போகும் காற்றில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறது. நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்ச நேரம் போதும். இழுத்தபடியே மறந்துவிட்டால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவி, தேய்மானத்தை ஏற்படுத்தும்.

4. கிளட்ச்: உள்ளங்கை இரண்டும் சேரும் இடம்

வலது உள்ளங்கையை வேகமாகச் சுற்றுங்கள். இடது உள்ளங்கையை அசையாமல் வையுங்கள். இரண்டையும் மெல்லத் தொடவிட்டால் முதலில் வழுக்கும், பிறகு இடது கையும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். சட்டென்று அழுத்தினால் இரண்டும் திணறி நிற்கும். கிளட்ச் என்பது இவ்வளவுதான். சுற்றுகிற கை இன்ஜின், அசையாத கை சக்கரம். மிதியை அமுக்கினால் இரண்டும் பிரியும், விட்டால் சேரும்.

பயிற்சி இதுதான். சமதரையில் கிளட்ச்சை முழுக்க அமுக்கி, முதல் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. கிளட்ச்சை மட்டும் ஒரு விரல் கனம், ஒரு விரல் கனமாக மேலே விட வேண்டும். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் தாழும், கார் மெல்ல உந்தும். அந்த இடத்தில் காலை அப்படியே நிறுத்த வேண்டும். திரும்ப அமுக்கி, நிறுத்தி, மறுபடியும் அதே. இருபது தடவை செய்யச் சொன்னேன்.

முதல் மூன்று தடவை இன்ஜின் நின்றது.

"அண்ணே, ஆஃப் ஆயிருச்சு!"

"சரி. ஏன் ஆஃப் ஆச்சு?"

"கிளட்ச்ச வேகமா விட்டுட்டேன்."

"அதனால இன்ஜினுக்கு என்னா ஆச்சு?"

கொஞ்சம் யோசித்தாள். "சுத்திக்கிட்டிருந்தத, நின்னுக்கிட்டிருந்த சக்கரம் புடிச்சு நிறுத்திருச்சு."

அவ்வளவுதான் வேண்டும். காரணம் சொல்லத் தெரிந்த தவறு மறுபடியும் வருவது குறைவு.

5. முதல் கியரின் பிடிவாதம்

புதுக் கார்களில் எல்லா முன் கியருக்கும் சின்க்ரோமெஷ் உண்டு. பல் சக்கரங்கள் சேர்வதற்கு முன், அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு அது. மைனரின் நான்கு கியர்களில் முதல் கியருக்கு மட்டும் அது கிடையாது. ஆகவே கார் முழுக்க நின்ற பிறகே முதல் கியரைப் போட வேண்டும். நின்ற பிறகும் கரகரத்தால், கிளட்ச்சை அமுக்கியபடியே முதலில் இரண்டாம் கியரைத் தொட்டுவிட்டு, பிறகு முதல் கியருக்குப் போங்கள். இரண்டாம் கியரின் சின்க்ரோமெஷ், உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் தண்டை நிறுத்திவிடும். முதல் கியர் சத்தமில்லாமல் விழும்.

இதை ஏன் இந்தக் காலத்துப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டும்? கியர் விழவில்லை என்றால் பலத்தால் தள்ளக்கூடாது, உள்ளே என்ன சுற்றுகிறது என்று யோசிக்க வேண்டும் என்ற பழக்கம் வருகிறது. அந்தப் பழக்கம் அப்பாவின் வேனுக்கும் உதவும்.

ஸ்டேரிங்கும் அப்படித்தான். பவர் இல்லாததால், நிற்கிற காரில் திருப்பினால் கை வலிக்கும், டயரும் தேயும். கார் கொஞ்சம் உருள ஆரம்பித்த பிறகு திருப்பினால் இலகுவாக வரும்.

6. பிரேக்: ஒரு சின்னக் கணக்கு

இந்தப் பகுதியை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஓடுகிற காரின் இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகம் × வேகம். காரும் ஆட்களும் சேர்ந்து 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 31,000 ஜூல். 60-இல் 62,000 அல்ல, 1,25,000. வேகம் இரு மடங்கு, ஆற்றல் நான்கு மடங்கு. இவ்வளவையும் பிரேக்தான் சூடாக மாற்றி வெளியேற்ற வேண்டும்.

இப்போது நிற்கும் தூரம். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 16.7 மீட்டர் போகும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும் என்று கொள்வோம். அதற்குள் 16.7 மீட்டர் போய்விட்டது. பிறகு, நல்ல பிரேக் உள்ள புதுக் கார் ஒவ்வொரு விநாடியும் தன் வேகத்தில் விநாடிக்கு 8 மீட்டர் வீதம் குறைக்கும் என்றும், நம் பழைய கார் 5 மீட்டர் வீதம் குறைக்கும் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். புதுக் காருக்கு இன்னும் 17.4 மீட்டர், மொத்தம் 34. பழைய காருக்கு இன்னும் 27.8 மீட்டர், மொத்தம் 44.5.

பத்து மீட்டர்தானே வித்தியாசம் என்று தங்கச்சி சொன்னாள். அடுத்த கணக்கைப் போடச் சொன்னேன். புதுக் கார் முழுக்க நின்றுவிட்ட அதே இடத்தைக் கடக்கும்போது, பழைய கார் என்ன வேகத்தில் இருக்கும்? விடை, ஏறக்குறைய 37 கிலோமீட்டர். முன்னால் ஒரு குழந்தை குறுக்கே ஓடியிருந்தால், ஒரு கார் அதன் முன்னே நின்றிருக்கும். மற்றது 37 கிலோமீட்டர் வேகத்தில் மோதியிருக்கும். விடையைப் பார்த்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றிலிருந்து முன்னால் போகிற காரோடு ஒட்டிப் போகிறவர்களைப் பார்த்தால் அவளே கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறாள்.

மைனரின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதற்கு இரண்டு பலவீனம். ஒன்று, மழை. தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் ஈரம் புகுந்து பிடிப்பு குறையும். பிரேக்கை லேசாக அமுக்கியபடி மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும். இரண்டாவது, நீண்ட இறக்கம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பழைய சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் டிரம் சூடேறி, பிரேக் பிடிக்கவே பிடிக்காது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும்; இன்ஜினே காரைப் பிடித்து வைக்கும். மேனுவல் வேனுக்கும் லாரிக்கும் இதே விதிதான்.

ஏபிஎஸ் இல்லாததால் பிரேக்கை மொத்தமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். சறுக்குகிற முன் சக்கரம், ஸ்டேரிங் சொல்வதைக் கேட்காது. சறுக்கினால் மிதியைச் சற்றுத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, மறுபடி அமுக்க வேண்டும். இதைத் திடலில் 15 கிலோமீட்டர் வேகத்தில், ஈரப் புல்லில், சுற்றிலும் வெற்றிடம் விட்டுப் பழகினோம்.

7. சொல்லித் தருபவருக்குச் சில வார்த்தை

அண்ணன், அக்கா என்ற உரிமையில் நாம் அதிகம் கத்துவோம். பக்கத்தில் இருப்பவர் கத்தினால் ஓட்டுபவர் கால் தானாக இறுகும். இறுகிய கால் எந்த மிதியில் இருக்கிறதோ அது அமுங்கும். அது ஆக்சிலேட்டராகவும் இருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. செய்ய வேண்டிய நேரத்துக்கு முன்பே சொல்லுங்கள். "நிறுத்து" என்ற சொல்லை, கார் நிற்க வேண்டும் என்பதற்கு மட்டும் வையுங்கள். "பேச்ச நிறுத்து", "சிரிப்ப நிறுத்து" என்று வேறு எதற்கும் காருக்குள் பயன்படுத்தாதீர்கள். அரை மணி நேரம் போதும். களைத்த காலுக்குப் பாடம் ஏறாது. வேடிக்கை பார்க்க நண்பர்களைக் கூட்டிவராதீர்கள். நாலு பேர் பார்த்தால் பிள்ளை அவர்களுக்காக ஓட்ட ஆரம்பித்துவிடும். பயப்படுகிற பிள்ளையைவிடப் பயமே இல்லாத பிள்ளையிடம்தான் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இருக்கை வார் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மலேசியாவில் முன் இருக்கைக்கு வார் 1979-இலும், பின் இருக்கைக்கு 2009-இலும் கட்டாயமானது. எங்கள் கார் அதற்கெல்லாம் முன்பே பிறந்தது. வார் இல்லாமல்தான் வந்தது. தெரிந்த பட்டறையில், வாரைப் பிடித்து வைக்கும் இடங்களை உறுதிப்படுத்திப் பொருத்திய பிறகே தங்கச்சியை உட்கார வைத்தோம்.

8. எங்கே நிறுத்திக்கொள்வது?

திடலில் எட்டு நாள் பழகிய பிறகு, "அண்ணே, லைசென்ஸ் கெடச்சதும் இதுலதான் ஹைவேல போவேன்" என்றாள். வேண்டாம் என்று சொன்னேன். அவளுக்குக் கோபம். "எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?"

அவளுக்குத் தெரியும். ஆனால் சாலையில் அவள் மட்டும் இல்லையே. இந்தக் காரின் சைகை, கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் சின்னக் கை. 1961 வரை வந்த மைனர்களில் அப்படித்தான். பின்னால் வருகிற இளைஞர் மினுக்கும் விளக்கைத் தேடுவார், அந்தக் கை அவர் கண்ணிலேயே படாது. லாரிக்காரருக்கு நம் பிரேக்கின் கணக்கு தெரியாது. புது ஓட்டுநர் முதல் இரண்டு வருஷத்தில் தவறு செய்யத்தான் செய்வார். அந்தத் தவற்றை மன்னிக்கிற காரில் அவர் இருக்க வேண்டும். கற்றுக்கொள்ள எங்களிடம் இருப்பதிலேயே நல்லது மைனர். அது 15 கிலோமீட்டர் வேகத்தில், பூட்டிய கேட்டுக்குள். பி ஒட்டிக்கொண்டு சாலையில் போக, இரண்டு பிரேக் பாதையும் காற்றுப்பையும் உள்ள கார். பி எடுத்த பிறகு, அனுபவம் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஊருக்குள் மைனரை அவள் தாராளமாக ஓட்டலாம்.

தங்கச்சி இப்போது பயிற்சி நிலையத்தில் எல் லைசென்சோடு பழகுகிறாள். சித்தப்பா தன் மகளையும் டி-க்கே பதிந்துவிட்டார்.

வட்டத்தில் கலந்துபேச

• உங்கள் வீட்டுக் காரில் பிரேக் ஆயில் எங்கே இருக்கிறது? இன்றே போய்ப் பாருங்கள்.

• 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு எத்தனை மீட்டர் போகிறோம்? ஒரு குறுஞ்செய்தியைப் படிக்க மூன்று விநாடி என்றால், எவ்வளவு தூரம் கண்ணை மூடியபடி ஓட்டுகிறோம்?

• வேகம் 60-லிருந்து 90-க்கு உயர்ந்தால், பிரேக் வெளியேற்ற வேண்டிய ஆற்றல் எத்தனை மடங்கு ஆகிறது?

• உங்கள் வீட்டில் அடுத்து ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறவர் யார்? அவருக்குச் சொல்லித் தரப் பொறுமையுள்ளவர் யார்?